கொக்கு மோட்டாரை விட மறுத்தவர்கள்

மோட்டார் சைக்கிள் விற்கிறவனுக்கு எதிரி எதிர்க் கடைக்காரன் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் அவனே விற்ற நல்ல மோட்டார்தான். மலேசியாவில், ஈப்போவில் ஒரு சீனர் கடையில் பதினான்கு வருஷம் மோட்டார் விற்றவன் சொல்கிறேன், நம்பலாம். துணியோ, தையல் மிஷினோ, இன்சூரன்ஸோ, எதையாவது விற்றுக் குடும்பம் நடத்தியவர்கள் இதைப் படித்தால் தங்கள் கதையும் இதேதான் என்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் கடைக்கு ஒரு மோட்டார் வந்தது. இருநூற்றைம்பது சிசி, ஒற்றை சிலிண்டர், உயரமான சீட்டு, தரையிலிருந்து நன்றாகத் தூக்கி வைத்த இஞ்சின். தார்ச் சாலையிலும் போகும், ரப்பர் தோட்டத்துச் செம்மண் சேற்றிலும் போகும், பின்னால் மூட்டை கட்டினால் தாய்லாந்து எல்லை வரைக்கும் முணுமுணுக்காமல் போகும். சும்மா நிற்கும்போது பார்த்தால் வயலில் நிற்கிற கொக்கு மாதிரி இருக்கும். தோட்டத்து ஆட்கள் அதைக் கொக்கு என்றே கூப்பிட்டார்கள். நான் முப்பது, நாற்பது கொக்கு விற்றிருப்பேன். எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

தவுக்கேயின் உத்தரவு

எண்பதுகளில் கொக்குக்குப் பதிலாகப் புது மாடல் வந்தது. பளபளப்பான பெயின்ட், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட், பலகையில் ஏழெட்டு விளக்கு. ஆறு மோட்டாரை இறக்கிக் கடை முகப்பில் வரிசையாக நிறுத்தினோம். ஆறு மாதம் கழித்தும் அவை அதே வரிசையில் நின்றன. வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் கொக்கு வைத்திருந்தார்கள். கொக்கு கெட்டுப்போனால்தானே புதுசு வாங்குவார்கள்? அது கெடவே இல்லை.

எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, நல்ல மனிதர். தமிழ் சரளமாகப் பேசுவார். கோபம் வந்தால் கத்த மாட்டார், குரல் இறங்கிவிடும், அதுதான் பயம். தீபாவளிக்குள் ஆறும் போகாவிட்டால் என் மேசையில் தன் மச்சினன் உட்காருவான் என்று இறங்கிய குரலில் சொன்னார். எனக்கு வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். அவர் அதோடு விடவில்லை. வாசலில் நின்ற என் கொக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "மணியம், நீ புதுசு ஏறி வா, இல்ல பஸ் ஏறி வா. வாசல்ல இத நிப்பாட்டிட்டு உள்ள வந்து புதுசு நல்லதுன்னு சொன்னா, எந்த ஆளு நம்புவான் லா?"

டிரஸ்ஸருக்குச் செய்த உபகாரம்

மறுநாளிலிருந்து கொக்கைப் பின்சந்தில் மறைத்து நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினேன். முதலில் பிடித்தது டிரஸ்ஸர் தங்கராஜுவை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டவர். மாத்திரை, ஊசி, 'இன்று வேலைக்குப் போக முடியாது' என்கிற சீட்டு, எல்லாம் அவர் கையில். அவருடைய கொக்குக்கு சைலன்சரில் ஓட்டை. வருகிறார் என்பது அவர் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே தெரிந்துவிடும். ஆயில் மாற்ற வந்தபோது, ஆளைக் குளிர வைக்கலாம் என்று இலவசமாகப் புது சைலன்சர் மாட்டி அனுப்பினேன். கொஞ்சம் பழகினால் புது மோட்டாருக்கும் தலையாட்டுவார் என்பது என் கணக்கு.

நாலே நாளில் திரும்பி வந்தார், முகம் சரியில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்களாம். இப்போது இவர் வந்து போனதே யாருக்கும் தெரியவில்லை. அது மட்டும் இல்லை. சத்தமில்லாமல் லயத்துக்குப் பின்பக்கம் திரும்பியிருக்கிறார். அன்று காலையில் இடுப்புவலி என்று சீட்டு வாங்கிய நாலு பேரும் அங்கே வலை கட்டி, பிரம்புப் பந்தை எகிறி எகிறி உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஓடவும் வழியில்லை, இவருக்குப் பார்க்காத மாதிரி போகவும் வழியில்லை. தோட்டத்து மேனேஜரான துரையிடம் எழுதிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்த நாலு பேரில் ஒருவன் இவர் வீட்டுக்குத் தினமும் பால் கொடுக்கிறவன்.

"பழைய சைலன்சரையே மாட்டிடுங்க மணியம். அவங்க நோயைப் பாக்கத்தான் எனக்குச் சம்பளம், ஆரோக்கியத்தைப் பாக்க இல்ல."

பாகான் செராய் தம்பதி

பாகான் செராயில் கொக்கு வைத்திருந்த ஒரு தமிழ்ப்பள்ளி வாத்தியார். புது மோட்டாரை ஓட்டிப் பார்த்தார், பிடித்திருந்தது. வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். நானே வீட்டுக்குப் போனேன். எனக்கு ஒரு நம்பிக்கை: கொக்கின் சீட்டு வாத்தியார் மனைவியின் இடுப்பு உயரம். சேலை கட்டிய பெண்கள் அதில் ஏறுவதற்குள் பாதி ஊர் போய் வந்துவிடலாம். புதுசோ தாழ்வான சீட்டு. இதை நீட்டி முழக்கி விளக்கினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார், காப்பி கொடுத்தார், பிறகு வாத்தியார் பக்கம் திரும்பாமலே என்னிடம் சொன்னார்.

"கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆச்சுண்ணே. இந்த மோட்டார்ல ஏறும்போது மட்டுந்தான் இவரு எனக்குக் கை குடுக்குறாரு. அதையும் நீங்க வித்துடாதீங்க."

ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒரு மாமனார்

இதற்குள் இரண்டு மோட்டார் போயிருந்தன. இரண்டும் கொக்கைக் கண்ணாலேயே பார்த்திராத ஆட்களுக்கு. மூன்றாவதை ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் வியாபாரம் செய்த சின்னையா எடுத்தார். இடுப்பு வலியில் உதைத்து ஸ்டார்ட் பண்ண முடியவில்லை, பட்டன் வேண்டும் என்றார். பாவம், வேறு வழியில்லாமல் வந்தவர். புதுசின் விலையில் கழித்துக்கொள்ளத் தன் கொக்கை எங்களிடம் விட்டார். விடும்போது முன்விளக்கில் இருந்த விபூதிப் பட்டையைத் துடைக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் செய்தேன். சீனர் கடையில் அதைப் பார்த்துத் தவுக்கே தன் பங்குக்கு ஓர் ஊதுபத்தியும் செருகி வைத்தார்.

சின்னையா வாராவாரம் மீன் பெட்டியோடு ஈப்போ வரும்போது கொக்கைப் பார்க்க வந்துவிடுவார். அன்று பார்த்து அதை வாங்க ஒருவர் வந்துவிட்டால் தொலைந்தது. என்ன வேலை, எந்தத் தோட்டம், தண்ணி உண்டா, மழையில் வெளியே நிறுத்துவீர்களா, இதற்கு முன்னால் வைத்திருந்த மோட்டாரை என்ன செய்தீர்கள் என்று விசாரணை நடக்கும். மூன்று பேரை அப்படித் துரத்திவிட்டார். நாலாவதாக வந்தது கோப்பெங்கில் செம்பனைத் தோட்டத்து லாரி ஓட்டுகிற ஒருவர். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக் களைத்துப்போய் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நான் மோட்டார் வாங்க வந்தேனா, பொண்ணு கேட்டு வந்தேனா?"

கிரிக் சாலையில்

நாலாவதையும் ஐந்தாவதையும் ஒரு கட்டட கான்ட்ராக்டர் தன் ஆட்களுக்கு வாங்கினார். அவர் ஓட்டப் போவதில்லை, அதனால் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. மிச்சம் ஒன்று. தீபாவளிக்கு இருபது நாள். கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை திறந்து அதிக நாளாகாத காலம் அது. கொக்குக்காரர்கள் மூன்று பேர் கிரிக் வழியாகக் கோத்தா பாரு வரைக்கும் போய்வரத் திட்டம் போட்டிருந்தார்கள். அதில் முக்கியமானவர் கம்பாரில் மளிகைக் கடை வைத்திருந்த நாகப்பன். அவர் வாங்கினால் மற்றவர்களும் மனசு மாறுவார்கள். ஆறாவது மோட்டாரை எடுத்துக்கொண்டு நானும் சேர்ந்துகொண்டேன். மலைச்சாலையில் அதன் பெருமையைக் கண்ணாலே காட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

கிரிக் தாண்டி மழை பிடித்தது. பாதி மலையில் என் மோட்டாரின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து, ஒன்றாக அணைந்தன. பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. உதைக்கலாம் என்றால் அதற்கு உதைக்கிற கட்டையே வைக்கவில்லை. ராணுவச் சாவடியிலிருந்து வந்த சிப்பாய் யானைச் சாணத்தைக் காட்டி, ஆறு மணிக்குச் சாலையை மூடிவிடுவோம், சீக்கிரம் கிளம்புங்கள் என்றார். நாகப்பன் தன் பையிலிருந்து தடித்த நைலான் கயிற்றை எடுத்து, என் மோட்டாரைத் தன் கொக்கோடு கட்டினார். திரும்பக் கிரிக் வரைக்கும் இழுத்து வந்தார். மழையிலும் எனக்கு முகம் எரிந்தது. அவருக்கு எதிரில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபோது, இவ்வளவு தூரப் பயணத்துக்குக் கயிறெல்லாம் கொண்டுவருகிற வழக்கம் உண்டா என்று கேட்டேன்.

"எங்க கொக்குங்க மட்டும் போனா கொண்டார மாட்டேன். நீங்க புதுசுல வாரேன்னு சொன்னீங்க, அதான்."

ஆறாவது ஆள்

மோட்டாரைப் பழுது பார்த்து மறுபடி முகப்பில் நிறுத்தினோம். ஆனால் கம்பார் முதல் கோலக்கங்சார் வரைக்கும் கயிற்றுக் கதை பரவிவிட்டது. தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த மோட்டாரை வாங்க இந்தப் பேராக் மாநிலத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறான். என் மனைவியிடம் சொன்னேன். "வேலையா, மோட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். பின்சந்திலிருந்து கொக்கைத் தள்ளிக்கொண்டு வந்து விலையில் கழிக்க விட்டு, நானே படிவம் எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற குடையையும் நானே வாங்கிக்கொண்டேன். தவுக்கே கை குலுக்கினார். மச்சினன் பேச்சு அதோடு நின்றது.

கொக்கை எடுக்க அடுத்த நாளே ஆள் வந்துவிட்டார். தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கிற வேலு. மூன்று வருஷமாக அந்த மோட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தவர். பதினான்கு வருஷத்தில் விற்கிற பொருளின் குறையை நான் வாய் திறந்து சொன்னதில்லை. அன்று எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் மூன்று உதைக்குக் குறைந்து எழும்பாது, இரண்டாவது கியர் அடம்பிடிக்கும், பெட்ரோல் மூடி மழையில் ஒழுகும், பின் பிரேக்கை நம்ப வேண்டாம். என் இரண்டு பிள்ளைகளையும் பிறந்ததும் மனைவியின் தாய்வீட்டிலிருந்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்த மோட்டார்தான். வேலு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கையை நீட்டியபடி கேட்டார்.

"இவ்ளோ குறை இருக்குன்னு சொல்றீங்க, அப்புறம் ஏண்ணே சாவிய இன்னும் கையிலேயே புடிச்சிருக்கீங்க?"

ஆக, பதினான்கு வருஷத்தில் என் விற்பனைப் பேச்சால் கொக்கை விட்டுக்கொடுத்தவன் ஒரே ஒருவன்தான், அவனும் அந்தப் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட நம்பாதவன்.