முன் சீட்டில் ஏறிய ஆள்

பெரகல சந்தியைத் தாண்டிக் கொஸ்லந்தைப் பக்கம் இறங்குகிற டிரைவர்கள் எல்லாரும் வளைவிலிருக்கும் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் போவார்கள். நான் ஹாரன்கூட அடிக்காமல் போகிறவன். பேய் என்றால் சிரிப்பேன், முனி என்றால் இன்னும் பலமாகச் சிரிப்பேன். பனிமூட்டத்துக்குள் யாரோ கை காட்டினார்கள், ஏற்றினேன், திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம் என்று எங்கள் வாடகை வண்டி ஸ்டாண்டில் எவனாவது கதை விட்டால், "முந்தா நாள் அடிச்சது இன்னும் எறங்கலியா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். ஆகையால் நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. சிரித்துவிட்டு மிச்சத்தையும் கேளுங்கள்.

முதலில் ஜீப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், அது தெரியாமல் மற்றது விளங்காது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாங்கினேன். ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே ரீகண்டிஷனாக வந்த குட்டி டீசல் ஜீப். இரண்டே கதவு, பின்னால் ஏற வேண்டுமென்றால் முன் சீட்டை மடக்க வேண்டும். ஆள் கட்டைதான், ஆனால் இழுவை இருக்கிறதே, அப்பாடா! பெட்ரோல் கார்கள் தொண்டை கிழியக் கத்துகிற ஏற்றத்தில் இது முனகிக்கொண்டே போய்விடும், டர்போ பிடித்துவிட்டால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். டாஷ்போர்டின் நடுவில் மூன்று வட்ட மீட்டர்கள். ஒன்று எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று காட்டும், இன்னொன்று வெளியே எவ்வளவு குளிர் என்று காட்டும், மூன்றாவதில் ஒரு சின்ன ஜீப் படம், வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் படமும் சாயும். பண்டாரவளையில் அப்படி ஒரு வண்டி அப்போது என்னிடம்தான் இருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்தான், மறைப்பானேன்.

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் உள்ளே லீவரைத் தள்ளினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்தக் காலத்து ஜீப்பில் அப்படியில்லை. முன் சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மூடி இருக்கும், ஹப் என்போம். இறங்கிப் போய் அதைக் கையால் திருகிப் பூட்டினால்தான் முன் சக்கரத்துக்கு இழுவை போகும். பூட்டாவிட்டால் பின் சக்கரம் மட்டும்தான் வேலை செய்யும். நல்ல ரோட்டில் பூட்டி ஓடினால் டீசல் குடிக்கும் என்று எல்லாரும் திறந்தே வைத்திருப்போம், தேயிலைத் தோட்டத்து மண் ரோட்டில் இறங்கும் முன் நிறுத்திப் பூட்டிக்கொள்வோம்.

அன்றைக்கு நான் பூட்டவில்லை. ஐப்பசி மழை, பகலிலேயே விளக்குப் போட்டு ஓட்டுகிற மாதிரி பனி. கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டத்துச் சந்தியில் ஒருவன் தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு நடு ரோட்டில் நின்று மறித்தான். சிவலிங்கம் என்று பெயர், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"அண்ணே, வீட்டுல வலி கண்டுருச்சு. ரத்தமாப் போவுது. தோட்டத்து லொறி ஒடைஞ்சு கெடக்குண்ணே, மிட்வைஃப் அம்மா ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு சொல்லிட்டாங்க."

"ஏறு" என்றேன். அந்த அவசரத்தில் ஹப் எங்கே ஞாபகம் வரும்? கீழே இறங்கும்போது தெரியவும் இல்லை, இறக்கத்தில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள் இருக்கும் லயத்து வாசலில் அவன் மனைவி செல்வியைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்து பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். சிவலிங்கத்தின் அக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள், அவன் முன் சீட்டில் என் பக்கத்தில் ஏறினான். அந்தப் பெண்ணின் உதட்டில் நிறமே இல்லை.

பாதி ஏற்றத்தில் பின் சக்கரங்கள் சேற்றில் சுழல ஆரம்பித்தன. லீவரைத் தள்ளினேன், ஒரு பிரயோசனமும் இல்லை. அப்போதுதான் ஹப் ஞாபகம் வந்தது. பிரேக்கை அமுக்கிப் பிடித்தும் ஜீப் மெள்ள மெள்ளப் பின்னால் வழுக்குகிறது, இடது பக்கம் பள்ளம். நான் காலை எடுத்தால் நாலு பேருக்கும் அங்கேயே சமாதி.

"சிவா, எறங்கு! கல்லத் தூக்கிப் பின் டயருக்கு அண்டக் குடு. அப்புறம் முன் டயர் நடுவுல ஒரு மூடி இருக்கும், அத வலது பக்கமாத் திருகு, ரெண்டு டயர்லயும்! ஓடு!"

அவன் குதித்தான், கதவை அடித்துச் சாத்தினான், பனி அவனை விழுங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வழுக்குவது நின்றது. இடது முன் சக்கரத்தில் 'டக்'. பிறகு வலதில் 'டக்'. இரண்டு கையாலும் முக்கினால்தான் எனக்கே அது திரும்பும், ஆனால் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கைதானே என்று நினைத்துக்கொண்டேன். கிளட்சை விட்டேன், முன் சக்கரங்கள் மண்ணைக் கவ்வின, ஜீப் ஏறியது. அப்போதே இடது கதவு திறந்தது, ஆள் ஏறிய பாரத்தில் வண்டி ஒரு அமுங்கு அமுங்கியது, கதவு சாத்திக்கொண்டது. நனைந்த கம்பளி வாடை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடி முழுக்கப் பனி, வலது ஜன்னலில் தலையை நீட்டி ரோட்டு ஓரத்தைப் பார்த்துத்தான் ஓட்டினேன். "கெட்டிக்காரன்டா" என்றேன். பயந்திருப்பான், பேச்சுக் கொடுப்போம் என்று, "மொதப் புள்ளையா?" என்று கேட்டேன்.

"ரெண்டு இருக்கு" என்றது குரல். நிதானமான குரல். "ஒண்ணு போதுமா?"

பின்னால் செல்வி அலறுகிறாள், முன்னால் கொண்டை ஊசி வளைவு, இந்த நேரத்தில் இவனுக்கு என்ன பேச்சு என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. "போதும்பா, போதும். மொதல்ல தாய் பொழைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வளைவைத் திருப்பினேன்.

மேலே மெயின் ரோட்டில், மட்டமான இடத்தில் நிறுத்திவிட்டு இடது பக்கம் திரும்பினேன். ஆள் இல்லை. சீட் நனைந்திருந்தது. நம்பினால் நம்புங்கள், மீட்டரில் அந்த ஜீப் படம் இடது பக்கம் சாய்ந்தே இருந்தது.

"அக்கா, சிவா எங்க?"

"அவன் ஏறவே இல்லியே! நீங்கதான் என்னமோ தனியாப் பேசிக்கிட்டு வந்தீங்க. நான் பயந்துபோயி வாயத் தொறக்கல."

கீழேயிருந்து சிவலிங்கம் நொண்டிக்கொண்டு ஓடி வந்தான், உச்சி முதல் உள்ளங்கால் வரை சேறு. "எறங்கினதுமே வழுக்கி ரோட்டோரத் தண்ணிக் கான்ல விழுந்துட்டேண்ணே. கல்லும் வைக்கல, ஒண்ணும் வைக்கல. எப்பிடிண்ணே ஏத்துனீங்க?"

நான் இறங்கிப் போய் முன் சக்கரங்களைப் பார்த்தேன். இரண்டு ஹப்பும் பூட்டியிருந்தன. சிவலிங்கம் ஏறி உட்கார்ந்தான், படம் நேராக நின்றது. அதற்கு மேல் ஹப்புத்தளை, தியத்தலாவை எல்லாம் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஐயா ஒருவர் வெளியே வந்து சிவலிங்கத்தின் தோளில் கை வைத்தார். "இரட்டைப் பிள்ளையள், தம்பி. தாய்க்கு இனிப் பயமில்லை. பொம்பிளைப்பிள்ளையும் சுகமா இருக்கு. மற்றது பிறக்கேக்கையே உயிரில்லை."

நான் அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். இரட்டை என்று யாருக்குமே தெரியாது, பெற்றவளுக்கே தெரியாது. சிவலிங்கம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி மூணு உசுரும் போயிருக்கும்ணே" என்று அழுதான். ஏற்றத்தில் நான் எதற்குப் 'போதும்' என்றேன் என்று அந்த மனிதனிடம் எப்படிச் சொல்வது? பிறகு ஒரு மெக்கானிக்கிடம் ஹப் தானாகப் பூட்டிக்கொள்ளுமா என்று கேட்டேன். "கை படாம அது அசையாதுண்ணே" என்றான். டாக்டரிடம் கேட்டால் பிள்ளை செத்ததற்கும் ஒரு காரணம் சொல்லியிருப்பார், நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அந்த ஏற்றத்தில் மட்டும் பக்கத்து சீட்டிலிருந்து யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்வதில்லை. சிடுமூஞ்சி, திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்கியாகிவிட்டது. இருக்கட்டும்.

அந்தப் பெண் குழந்தைக்குக் கவிதா என்று பெயர் வைத்தார்கள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். வளர்ந்து பண்டாரவளையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள், லீவு முடிந்தால் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். ஒரு தடவை அப்படிப் போகும்போது, அதே ஏற்றம், அதே பனி, நான் வலது ஜன்னலில் தலையை நீட்டி ஓட்டுகிறேன். பக்கத்திலிருந்து, "மாமா, எங்கூடப் பொறந்தவன் அங்க தனியாவா இருப்பான்?" என்றாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. மெயின் ரோட்டில் ஏறி, நிறுத்தி, மூச்சு விட்டு, இனிப் பயமில்லை என்று நிச்சயம் பண்ணிக்கொண்ட பிறகுதான் அவள் தலையைத் தடவிச் சொன்னேன்.

"தனியா இருக்க மாட்டான், கண்ணு."

பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். தூங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"யாரு மாமா? நான் ஒண்ணுமே கேக்கலியே."

அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். நேற்றுக்கூடச் சிவலிங்கத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன்.