நாலு சென்டிமீட்டர்

எங்கள் கடையில் அவரை ஸ்கேல் சார் என்றுதான் கூப்பிடுவோம். சட்டைப் பையில் ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் ஒன்று எப்போதும் நீட்டிக்கொண்டு நிற்கும். கம்ப்யூட்டர் பாகங்களைத் தனித்தனியாக விற்கிற கடை அது. தனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் கட்டிக்கொள்ள யாராவது வந்தால், எந்த போர்டுக்கு எந்தப் பிராசஸர், எந்த கேபினெட் பெட்டிக்குள் எந்த கிராபிக்ஸ் கார்டு நுழையும், அதற்கு எத்தனை வாட் பவர் சப்ளை என்று பட்டியல் போட்டுப் பொருத்திக் கொடுப்பது அவர் வேலை. பழுதாகித் திரும்பி வருகிற பொருள்களையும், கூடவே வருகிற திட்டுகளையும் வாங்கி வைத்துக்கொள்வது என் வேலை. அவர் ஒழுங்காகப் பார்த்தால் எனக்குத் திட்டு குறையும். பத்தொன்பது வருஷமாக அவர் மேல் நான் வைத்திருந்த மரியாதைக்கு அது ஒன்றே காரணம்.

"ரெண்டு மில்லிமீட்டர்தானே சார், கொஞ்சம் அழுத்துனா உள்ள போயிடாதா?" என்று வாடிக்கையாளர்கள் கெஞ்சுவார்கள்.

"அட்ஜஸ்ட் ஆகாது" என்பார். அவ்வளவுதான். அப்பீலே கிடையாது.

பட்டியலில் அவர் எழுதும் முதல் வரி எந்தப் பாகத்தின் பெயராகவும் இருக்காது. என்ன வேலைக்கு என்றுதான் எழுதுவார். விளையாடவா, படம் வெட்டி ஒட்டவா, கட்டடம் வரையவா? அது தெரியாமல் பேனாவைக் கீழே இறக்க மாட்டார். அவசரத்தில் யாராவது பதில் சொல்லாமல் விட்டால், பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அவர் மனைவி இறந்துபோனார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நாலாம் நாளே ஸ்கேல் சார் கடைக்கு வந்துவிட்டார். அன்றைக்கு மட்டும் ஆறு பிராசஸர் பொருத்தினார். பிராசஸர் உட்காரும் இடத்தில் முடி கனத்தில் ஆயிரத்துக்கு மேல் ஊசிகள் இருக்கும். கை லேசாக ஆடினாலும் வளைந்துவிடும், அப்புறம் போர்டைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். அவர் கை ஆடவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொண்டாட்டி செத்து நாலு நாளில் ஒரு மனுஷனுக்கு எப்படிக் கை இவ்வளவு நிதானமாக இருக்கும்? கல்நெஞ்சுக்காரர் என்று கடையில் இரண்டு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் கேட்காமலே அவராகச் சொன்னார்.

"ஒண்ணுமே தோண மாட்டேங்குதும்மா. பசிக்குதா இல்லையான்னுகூடத் தெரியல. மணி ஒண்ணாச்சு, அதனால சாப்பிடுறேன்."

ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டுவைத்தேன்.

வீட்டில் அவருக்கு இருப்பது ஒரே மகள். கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் நிஜம் போலவே வரைந்து காட்டுகிற வேலை. அவளுடைய ஆபீஸ் வேறு ஊரில். அப்பாவைத் தனியே விட மனமில்லாமல், வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று கேட்டிருந்தாள். ஒரு மாதம் பார்ப்போம், வேலை நேரத்துக்கு வந்து சேரவில்லை என்றால் மூட்டை கட்டிக்கொண்டு ஆபீஸ் இருக்கிற ஊருக்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆக, அவளுக்கு ஒரு நல்ல கம்ப்யூட்டர் அமைந்தால் அவள் வீட்டில் இருப்பாள். அமையாவிட்டால் அவர் தனியாள்.

ஊருக்கெல்லாம் பட்டியல் போட்டவர் மகளுக்கும் போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். என்ன வேலைக்கு என்ற வரியைக் காணோம். அந்த இடத்தில், 'இடம்: 19 செ.மீ.' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே சின்ன கேபினெட், அதில் அடங்குகிற சின்ன போர்டு, பிராசஸர் சூட்டைத் தணிக்கிற குட்டையான கூலர், குட்டையான கார்டு. ஒவ்வொன்றும் மற்றதோடு கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் கட்டடம் வரைகிறவளுக்கு அது ஆகாது என்பது திட்டு வாங்கும் எனக்கே தெரியும். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். ஸ்கேல் சாருக்கு நான் சொல்லித் தருவதா என்று சும்மா இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே எரிச்சல்தான்.

அந்த ஒரு மாதக் கெடுவின் இருபத்திரண்டாம் நாள் காலையில் மகள் அந்தக் கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டியில் தூக்கிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தாள்.

"அத்தை, இதைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?"

"என்னம்மா பழுது?"

"பழுதெல்லாம் இல்ல. ஒரு வீட்டை முழுசா வரைய விட்டா அரை மணி நேரத்துல கொதிக்குது. அப்புறம் ஊர்ந்து ஊர்ந்து போகுது, இல்லன்னா அதுவா அணைஞ்சிடுது. ரெண்டு வேலை நேரத்துக்குக் குடுக்க முடியல. மூணாவதை இந்த வெள்ளிக்கிழமை குடுக்கணும். அதுவும் போச்சுன்னா நான் கிளம்ப வேண்டியதுதான்."

ஸ்கேல் சார் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். "எல்லாம் பொருந்திதானே இருக்கு" என்றார்.

"பொருந்தியிருக்குப்பா. வேலைதான் நடக்கல. பெரிய கேபினெட் வேணும்னு அன்னைக்கே சொன்னேன்."

"பெருசு இருபத்திமூணு சென்டிமீட்டர் அகலம். அங்க இருக்கிற இடம் பத்தொன்பது."

"அம்மாவோட தையல் மெஷினை நாலு சென்டிமீட்டர் தள்ளினா போதும்ப்பா. நாலே நாலு." அவள் குரல் உடைந்தது. "நான் தள்ளட்டுமான்னு கேட்டா நீங்க பதிலே சொல்ல மாட்டேங்கிறீங்க."

அப்போதும் அவர் ஜன்னலைப் பார்த்தார். எனக்கு வந்ததே கோபம்!

"என்ன வேலைக்குன்னு கேக்காம பட்டியல் போட்டது யாரு சார்? வேற ஒருத்தர் இப்படிப் போட்டிருந்தா அவரை நீங்க சும்மா விட்டிருப்பீங்களா?"

கடையே திரும்பிப் பார்த்தது. அவர் அலமாரிக்குப் போய்ப் பெரிய கேபினெட் ஒன்றை இறக்கினார். பெரிய போர்டு, உயரமான கூலர், நீளமான கார்டு எல்லாவற்றையும் எடுத்து அடுக்கினார். "நீயும் வரியாம்மா? தூக்க ஆள் வேணும்" என்று என்னிடம் கேட்டார். முதலாளியிடம் சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன்.

அவர்கள் வீட்டில் அதுதான் முன்னறை. மகளின் மேசையை இரண்டு திரைகள் அடைத்துக்கொண்டிருந்தன. மேசைக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில்தான் அந்தப் பத்தொன்பது சென்டிமீட்டர். மெஷினின் ஊசி ஒரு துணிக்குள் இறங்கியபடியே நின்றிருந்தது. ஏழு மாதத்துத் தூசி துணி மேல் படிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள்.

ஸ்கேல் சார் தரையில் உட்கார்ந்து அளந்து, பென்சிலால் கோடு போட்டார். எழுந்து மெஷினைத் தள்ளினார். சக்கரம் லேசாகச் சுற்றி ஊசி மேலே வந்தது. துணி நழுவி அவர் கையில் விழுந்தது.

அது ஒரு பை. ஒடுக்கமாக, நீளமாக, இரண்டு பக்கம் தைத்து மூன்றாவது பக்கம் பாதியில் நின்றிருந்தது.

"உங்க சட்டைக்குத்தான்ப்பா" என்றாள் மகள். "ஸ்கேல் குத்திக் குத்திப் பை எல்லாம் கிழியுதுன்னு அம்மா திட்டிக்கிட்டே இருப்பாங்கல்ல. அதுக்குன்னே தனியா ஒண்ணு தைக்கப்போறேன்னு சொன்னாங்க."

அவர் ஸ்கேலை எடுத்து அதற்குள் செருகிப் பார்த்தார். முக்கால் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அளவு தப்பாயிடுச்சேப்பா."

"அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார்.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பையை மடித்து மேசை மேல் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்தார். பழைய போர்டிலிருந்து பிராசஸரைக் கழற்றினார். புதிய போர்டின் மூடியைத் திறந்தார். இரண்டு விரல்களில் பிராசஸரைப் பிடித்து ஊசிகளுக்கு மேலே கொண்டுபோனார். கை அப்படியே நின்றது. இறக்கவில்லை.

கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மறுபடியும் கொண்டுபோனார். மறுபடியும் இழுத்துக்கொண்டார்.

"என்னப்பா?"

அவர் பிராசஸரை மகளிடம் நீட்டினார்.

"நீ வைம்மா" என்றார். "எனக்குக் கை நடுங்குது."