இரும்பு டிரம்மில் கொதித்த சீயக்காய்

1. சோடா தொட்டி

லாண்டரியில் சேர்ந்த மூன்றாவது மாதம் என் இரண்டு உள்ளங்கைகளும் வெடித்துவிட்டன. விரல் இடுக்கில் தோல் உரிந்து, சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. பெங்களூர் மர்பி டவுனில் ஒரு லைன் வீட்டில் நானும் என் இரண்டு தங்கைகளும் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் போனபிறகு வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான்.

லாண்டரி சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முதலாளி கரீம் பாய். வேலை வாங்குகிறவர் மேஸ்திரி முனுசாமி. ஓட்டல் பெட்ஷீட், கண்டோன்மென்ட் ஆபீசர்களின் சட்டை, கம்பளி ஸ்வெட்டர், மல்லேஸ்வரத்துப் பட்டுப்புடவை என்று எல்லாம் வரும். எது வந்தாலும் எங்களிடம் ஒரே வைத்தியம்தான். இரும்பு டிரம்மில் வாஷிங் சோடாவும் பார் சோப்பும் போட்டுக் கொதிக்கவைத்துத் தொட்டியில் ஊற்றுவோம். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடாவைக் குறைத்து, சூடு ஆறியபிறகு முக்குவோம். அவ்வளவுதான் வித்தியாசம். துணிக்கே அந்தக் கதி என்றால் கைக்குக் கேட்கவா வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கன்னடக்காரர். "இந்தக் கைய இனிமே சோடாவுல வெக்காதேம்மா. பேரே கெலச நோடு" என்றார். வேறு வேலை பார் என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். வேலை எங்கே இருக்கிறது என்று அவர் எழுதித் தரவில்லை.

கரீம் பாயிடம் போய் இஸ்திரி மேஜையில் போடுங்கள் என்று கேட்டேன். அங்கே ஆள் நிரம்பியிருந்தது.

"பதினஞ்சு நாள் பாக்குறேன் மா" என்றார் பாய். "கை ஆறிச்சுன்னா பஹுத் அச்சா. ஆறலேன்னா நான் வேற ஆளுதான் போடணும். தொட்டி சும்மா நிக்கக் கூடாது."

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்று எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் ஒரு டிரம் தண்ணீரே கொதித்திருக்கும்.

2. மூக்குத்தித் தண்ணீர்

அந்த வாரம் என் மூக்குத்தியின் திருகு கழன்றுவிட்டது. மார்க்கெட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு நகைப் பத்தரிடம் கொடுத்தேன். அவர் திருகைச் சரிசெய்து, ஒரு கிண்ணத்தில் இருந்த நுரைத் தண்ணீரில் மூக்குத்தியைப் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, அப்படியே தண்ணீரோடு என் கையில் கவிழ்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். எரியப்போகிறது என்று நினைத்தேன். லேசாகச் சுரீர் என்றது, அதோடு சரி.

"இது என்ன சோப்பு பத்தரே?"

"சோப்பு எங்கம்மா? பூந்திக்கொட்டை. நகைக்கு வேற எது போட்டாலும் கல்லு மங்கிடும்."

பூந்திக்கொட்டை எனக்குத் தெரியாத பொருள் இல்லை. கன்னடக்காரர்கள் அண்டுவாளகாய் என்பார்கள், பாய் வீட்டில் ரீட்டா என்பார்கள். ஆனால் லாண்டரிக்குள் அதை யாரும் கொண்டுவந்ததில்லை. நகை அழுக்கை எடுக்கிற தண்ணீர் துணி அழுக்கை எடுக்காதா என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. ஒன்று மனதில் விழுந்துவிட்டால் தூங்க மாட்டேன், பக்கத்தில் இருப்பவர்களையும் தூங்க விட மாட்டேன் என்று என் தங்கைகள் இன்றைக்கும் சொல்வார்கள்.

மறுநாள் ஒரு பை கொட்டையோடு வேலைக்குப் போனேன். மேஸ்திரி பையைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

"கொட்டையில தொவைக்கப் போறியா? நாம துணிக்குக் குறி போடுற சேங்கொட்டையும் கொட்டதான். அதுல ஒருவாட்டி கைய விட்டுப் பாரேன்."

சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்து கொப்பளித்துவிடும். அது தெரிந்துதான் கிண்டல் செய்தார்.

3. தோற்றதும் ஜெயித்ததும்

முதலில் தோற்றதைச் சொல்கிறேன். கொட்டையை உடைத்து விதையை நீக்கி, தோலை ஊறவைத்து, மண்சட்டியில் லேசாகக் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஓட்டல் பெட்ஷீட்டில் போட்டேன். நுரை வந்தது. அழுக்கு போகவில்லை. எண்ணெய்க் கறையெல்லாம் போட்ட இடத்திலேயே சௌக்கியமாக இருந்தது. வெள்ளைச் சட்டை இரண்டு போட்டேன், பழுப்பேறிவிட்டது. மேஸ்திரி அவற்றைத் திரும்ப சோடாவில் போட்டு வெளுத்தெடுத்தார். பதினைந்து நாளில் ஐந்து நாள் இப்படிப் போனது.

ஆறாவது நாள் ஒரு ஆபீசர் வீட்டு ஆள் கம்பளி ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார். எங்கள் சோடாவில் அது சுருங்கி, தப்பட்டை மாதிரி விறைத்திருந்தது. பாய் சமாதானம் சொல்லி அனுப்பினார். குளிர்காலத்தில் பெங்களூரில் கம்பளி இல்லாத வீடு கிடையாது. இப்படி மாதம் நாலு சண்டை வரும். நான் அவரிடம் போய் நின்றேன்.

"பாய், பெட்ஷீட் எனக்கு வேணாம். அடுத்து வர்ற கம்பளிய என்கிட்ட குடுங்க."

"அதையும் கெடுத்துட்டியானா?"

"இப்ப மட்டும் நல்லாவா இருக்கு?"

பாய் என்னை முறைத்துவிட்டு இரண்டு ஸ்வெட்டர் கொடுத்தார். வெதுவெதுப்பான பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவிட்டேன். பிழியாமல் அழுத்தி எடுத்து, நிழலில் கோரைப்பாயில் விரித்துக் காயவைத்தேன். காய்ந்ததும் கரீம் பாய் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "மக்கன்" என்றார். வெண்ணெய் என்று அர்த்தம். அன்றிலிருந்து கம்பளி என் தொட்டிக்கு வந்தது. பின்னால் பட்டும் வந்தது. பதினைந்து நாள் கெடு முடிந்தபோது கை பாதி ஆறியிருந்தது. பாய் கெடுவைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

4. சந்தனக் கலர் புடவை

மல்லேஸ்வரத்திலிருந்து பத்மா மாமி என்று ஒரு வாடிக்கைக்காரர். கணவர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். மகன் கல்யாணத்துக்குக் கட்டிக்கொள்ள ஒரு ஒன்பது கஜம் பட்டுப்புடவையைச் சலவைக்குப் போட்டிருந்தார். சந்தனக் கலர் உடல், அரக்குக் கரை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது.

அந்த வாரம் மழை. கடையில் பூந்திக்கொட்டை கொஞ்சம்தான் கிடைத்தது. கூட சீயக்காய் சேர்த்தேன். வேலையும் அதிகம், மண்சட்டி போதவில்லை. காலியாக இருந்த இரும்பு டிரம்மைக் கழுவி அதிலேயே கொதிக்கவைத்தேன். எங்கள் லாண்டரியில் எல்லாமே டிரம்மில்தான் கொதிக்கும். சோடாவை இரும்பு ஒன்றும் செய்யாது. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வடிகட்டிய சாறு மை மாதிரி கறுப்பாக இருந்தது. சாரம் நன்றாக இறங்கியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும். புடவையை அதில் முக்கி அலசி நிழலில் போட்டேன். காயக் காயச் சந்தனக் கலர் சாம்பலாகிக்கொண்டே வந்தது.

மேஸ்திரிதான் முதலில் பார்த்தார். என்னைக் காப்பாற்றத்தான் நினைத்தார்.

"ஏன் இடி விழுந்தாப்புல நிக்குற? சாயம் கச்சா, இறங்கிடிச்சுன்னு சொல்லிடலாம். எந்த லாண்டரியில சொல்லாதது?"

எல்லா லாண்டரியிலும் அதுதான் வழக்கம். துணி கெட்டால் சாயத்தின்மேல் போட்டுவிடுவார்கள். பாயும் வந்து பார்த்தார்.

"அதே சொல்லிடுவோம்" என்றார். "ஆனா இன்னையோட இந்த ரீட்டா, சீயக்காய் எல்லாம் பந்த். பழையபடி சோடாவுலயே போடு."

சாயத்தின்மேல் பழி போட்டால் அன்றைக்கு நான் தப்பிப்பேன், கொட்டை தப்பாது. கொட்டை போனால் சோடா தொட்டி. சோடா தொட்டியில் மறுபடி கை வைத்தால் ஒரு மாதம்கூட வேலையில் இருக்க முடியாது. இது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நியாயம் அநியாயம் எல்லாம் அப்புறம்தான் யோசித்தேன்.

"பாய், சாயம் போகல. சாயம் போனா வெளுக்கும், இது கறுத்திருக்கு. என் தப்புதான். என்ன தப்புன்னு சாயங்காலத்துக்குள்ள காட்டுறேன்."

5. இரண்டு துண்டு பட்டு

வீட்டில் தலைக்குத் தேய்க்கிற சீயக்காயைப் பொடியாகத்தான் கரைப்போம். அது பழுப்பாக இருக்கும், கறுத்து நான் பார்த்ததில்லை. அப்படியென்றால் இங்கே புதிதாகச் சேர்ந்தது டிரம் ஒன்றுதான். கிழிந்துபோன ஒரு வெள்ளைப் பட்டுக் கைக்குட்டையை இரண்டாகக் கிழித்தேன். அதே கொட்டை, அதே சீயக்காய், அதே அளவு தண்ணீர். ஒன்றை மண்சட்டியிலும் ஒன்றை டிரம்மிலும் கொதிக்கவைத்தேன். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். சட்டியில் நனைத்த துண்டு லேசான பழுப்போடு வந்தது. டிரம்மில் நனைத்தது சாம்பல்.

"இரும்பு" என்றேன்.

"சரி, கண்டுபுடிச்சுட்ட. புடவைய என்ன பண்றது?" என்றார் பாய்.

இரும்பு என்று தெரிந்ததும் எனக்கு மேஸ்திரியின் வேலை ஒன்று ஞாபகம் வந்தது. பெட்ஷீட்டில் ஆணித் துரு பட்டால் அவர் எலுமிச்சம்பழம் தேய்த்துத்தான் எடுப்பார். அதைச் சொன்னதும் அவரே பதறினார்.

"பட்டுல போயி எலுமிச்சம்பழமா? வேணாம்மா!"

முதலில் சாம்பலான கைக்குட்டைத் துண்டில் பார்த்தேன். பிறகு புடவையின் உள்முனையில் ஒரு விரல் அகலம். சாம்பல் இறங்கியது, பட்டு கெடவில்லை, கரைச் சாயமும் அசையவில்லை. ஒரு தொட்டி பச்சைத்தண்ணீரில் பழத்தைப் பிழிந்து வடிகட்டி, முழுப் புடவையையும் முக்கினேன். முக்குவதும் அலசுவதுமாக நாலு தடவை. பாதி ஆறின வெடிப்பில் எலுமிச்சைச் சாறு பட்டு உயிர் போனது. விடவில்லை. மறுநாள் காய்ந்தபோது சந்தனக் கலர் திரும்ப வந்திருந்தது. உள்பக்கம் ஒரு உள்ளங்கை அளவுக்கு மட்டும் மங்கலாக நின்றுவிட்டது. அதற்குமேல் தேய்த்தால் பட்டு நைந்துவிடும்.

"நீயே கொண்டுபோயி குடு" என்றார் பாய். "சாயம்னு சொல்றியோ, சத்தியம் சொல்றியோ, உன் இஷ்டம். மாமி வேணாம்னுட்டா நாளைக்கு நீ வரவேணாம் மா. நானும் நாலு கஸ்டமருக்கு மூஞ்சி காட்டணும்."

6. மல்லேஸ்வரம்

புடவையை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். பத்மா மாமி என்னை வராந்தாவிலேயே நிறுத்தினார்.

"லாண்டரிக்காரா ஆத்துக்கே வந்து குடுக்கறேளா? புதுசா இருக்கே!"

"மாமி, புடவை கெட்டுப்போச்சு. என் தப்பு. சரி பண்ணிட்டேன், ஆனா முழுசா ஆகல" என்றேன். சீயக்காய், டிரம், எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

மாமி புடவையைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"எங்கே? நேக்கு ஒண்ணும் தெரியலையே."

நான் உள்பக்கத்தைத் திருப்பி அந்த இடத்தைக் காட்டினேன்.

"நீ காட்டலேன்னா தெரிஞ்சே இருக்காது."

"என்னிக்காவது தெரியும் மாமி. அன்னிக்கு புடவைக் கடைக்காரரத் திட்டுவீங்க. திட்டுறதுன்னா என்னையே திட்டிடுங்க."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். திட்டித் தீர்த்துவிட்டார். தமிழ் போதாமல் கன்னடத்துக்குப் போனார். "புத்தி பேடவா நினகே?" என்று கேட்டார். உனக்குப் புத்தி வேண்டாமா என்று. சீயக்காயை இரும்பில் வைக்கக் கூடாது என்று தன் வீட்டுச் சமையல்காரிக்குக்கூடத் தெரியும் என்றார். நான் தலையைக் குனிந்து நின்றேன். ஓய்ந்தபிறகு அவரே புடவையை மடித்தார்.

"சரி, கொசுவத்துக்குள்ள போயிடும். கட்டிக்கறேன். உங்க மொதலாளி என்ன சொன்னார்?"

"நீங்க வேணாம்னா நாளைக்கு வேலைக்கு வரவேணாம்னாரு."

மாமி நிமிர்ந்து பார்த்தார். "அடிப்பாவி, இத மொதல்லயே சொல்லப்படாதா? இவ்வளவு திட்டியிருக்க மாட்டேனே!"

"அதனாலதான் மாமி மொதல்ல சொல்லல."

புடவை வந்து சேர்ந்தது என்று மாமி லாண்டரிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிற்பாடு மற்ற புடவைகளையெல்லாம் எங்களிடமே போட்டார், அந்தச் சந்தனக் கலரை மட்டும் போடவே இல்லை. அதற்கு நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

7. இளையவர்களுக்கு

பாய் சீட்டைப் பார்த்துவிட்டு, "பட்டும் கம்பளியும் இனிமே உன் பொறுப்பு. கெட்டுதுன்னா உன்னத்தான் கேப்பேன்" என்றார். "கெட்டுதுன்னா நீங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன் பாய்" என்றேன்.

இப்போது இளையவர்கள் என்னிடம் வந்து, பூந்திக்கொட்டையும் சீயக்காயும் செடியில் விளைந்தவை, கெடுதலே இல்லை அல்லவா என்று கேட்கிறார்கள். செடிக்கு அதெல்லாம் தெரியாது. பூந்திக்கொட்டை என் கையைக் காப்பாற்றியது, வெள்ளைச் சட்டையைப் பழுப்பாக்கியது. சீயக்காய் எந்தப் பாத்திரத்தில் கொதிக்கிறது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். புதிதாக ஒன்றைச் செய்தால் கிழிசலில் முதலில் செய்து பாருங்கள், மாமி புடவையில் அல்ல. கெட்டுவிட்டால் சாயத்தின்மேல் போடாதீர்கள். போட்டால் எதனால் கெட்டது என்று உங்களுக்கே கடைசிவரை தெரியாமல் போய்விடும்.

ரிட்டயர் ஆகும்வரை அந்தத் தொட்டியில்தான் நின்றேன். அதற்குள் இன்னும் மூன்று முறை, கெட்ட துணியை எடுத்துக்கொண்டு நானே வீடு தேடிப் போய்ச் சொல்லியிருக்கிறேன். ஒரு அம்மாள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்கு வெளியே நின்று, என்ன தப்பு செய்தேன் என்று முழுவதும் சொல்லி முடித்துவிட்டுத்தான் படி இறங்கினேன்.