வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

போன வியாழக்கிழமை ஒரு பொய் சொன்னேன். மூன்றே வார்த்தை.

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்."

வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது என்னவென்று தெரியும். ஓனர் இப்படிச் சொன்னால் அந்தத் தெருவை மறந்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போக வேண்டியதுதான். நான் பதினொரு வீடு மாறியவன். அத்திப்பட்டு, வள்ளூர், மீஞ்சூர், அப்புறம் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் என்று வேலை மாறிய இடமெல்லாம் பீரோவும் பின்னாலேயே வந்தது. அந்த மூன்று வார்த்தையை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன்!

எட்டு மாதம் முன்புதான் சொந்தமாக ஒரு வீடு கட்டிக் குடிவந்தோம். அன்றைக்குப் பீரோவைத் தூக்கி வந்து உள்ளே வைத்தவர் எதிரே வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்த ஏகாம்பரம். ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் தொழிலாளி. யாரும் கூப்பிடவில்லை, அவராகவே வந்து தோள் கொடுத்தார்.

"எத்தினி ஊடு மாறிக்கினு வந்த சார்?"

"பதினொண்ணு."

"நானு பதினாலு. அப்ப நான்தான் சீனியரு!" என்று சிரித்தார். பீரோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டு, "இனிமே இத்த தூக்கற பேஜாரு இல்ல சார் உனக்கு" என்றார்.

அந்த ஏகாம்பரம் வியாழக்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயது. மனைவி அமுலு, பத்தாவது படிக்கும் ஒரு மகள்.

லைன் வீட்டு ஓனர் அமுலுவிடம் போனிலேயே சொல்லிவிட்டார். "தப்பா நெனச்சிக்காதம்மா. ஊட்டுல பொண்ணு மாசமா கீது. ஆஸ்பத்திரிலேந்து நேரா சுடுகாட்டுக்கு எடுத்துனு போயிடுங்க. மாலை வேணா நான் பெருசா வாங்கியாறேன்."

சொந்த ஊருக்குக் கொண்டு போகலாமே என்பீர்கள். எந்த ஊர்? பள்ளிப்பட்டுப் பக்கம் அவர் அப்பா கூலிக்குப் போன கிராமத்தில் ஒரு குடிசை இருந்ததாம். அது இடிந்து, இடமும் கைமாறி வருஷக்கணக்காகிறது. அமுலு பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ரெண்டு மணி நேரம். புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழ ஓர் இடம்.

அமுலுவின் தம்பி என் வீட்டு கேட்டுக்கு வந்தார்.

"சார், உன் வாசல்ல எடம் கீது. ஒரு ரெண்டு மணி நேரம் வெச்சிக்கினு எடுத்துடறோம். மாமாதான் அன்னிக்கி உன் பீரோவ..."

என் முதுகுக்குப் பின்னால் நின்ற என் மனைவி சாந்தி, "சரின்னு சொல்லுங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்குக் கேட்டது.

எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? புது வீடு... ஒரு வருஷம்கூட ஆகவில்லை... ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்... அக்கம்பக்கம் என்ன பேசும்?

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேம்பா."

கேட்க வேண்டியவள் பின்னாலேயே நிற்கிறாள். கேட்காமலே சரி என்றும் சொல்லிவிட்டாள். அந்த மனிதரும் வாடகைக்குக் குடியிருப்பவர்தானே, அவருக்குப் புரியாதா? "சரி சார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா இறந்தபோது மீஞ்சூர் வீட்டு ஓனர் இதையேதான் செய்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாடு. 'இவனெல்லாம் மனுஷனா?' என்று இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் எழுதினேன். பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். எத்தனை பேர் கடிதம் போட்டுத் தேற்றினீர்கள்! அந்தக் கடிதங்களை இனி எந்த முகத்தோடு எடுத்துப் படிப்பேன்?

அரை மணி நேரம் கழித்து, மனசு கேட்காமல் தெருமுனைக்குப் போனேன். 'கொண்டு வாங்க' என்று சொல்லத்தான் போனேன் — இப்போது அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். நிஜமா என்று எனக்கே தெரியவில்லை.

கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் நாஷ்டா கடை போட்டிருப்பவர் கன்னியம்மா. அவரும் வாடகை வீடுதான். அடுப்பை அணைத்து, தள்ளுவண்டியை ஓரம் கட்டி, தார்ப்பாய்க்குக் கீழே ரெண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு ஏகாம்பரத்தைக் கிடத்தியிருந்தார். தலைமாட்டில் அமுலு வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.

"நேரா எடுத்துனு போறதுக்கு அவுரு இன்னா அநாதியா?" கன்னியம்மா யாரையோ பார்த்துச் சத்தம் போட்டார். "டெய்லி காத்தால இங்கதான் நின்னாரு. இங்கியே இருக்கட்டும்!"

காலை ஷிஃப்ட் முடித்தவர்களோடு பஸ் வந்தது. டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். இறங்கியவர்கள் டிபன் பையைக் கீழே வைத்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராக வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

நான் தள்ளியே நின்றேன். அமுலு ஒரு தடவை என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஓர் இடம் எப்போது நம் ஊராகும்? ரேஷன் கார்டில் அட்ரஸ் மாறினால்? பால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்? இப்படியெல்லாம் இதே பக்கத்தில் கை வலிக்க எழுதியிருக்கிறேன். எல்லாம் வெட்டிப் பேச்சு. நாம் செத்தால் நம்மைக் கிடத்த யாராவது பெஞ்சை இழுத்துப் போடுகிறார்களா... அவ்வளவுதான் விஷயம். பதினாலு வீடு மாறிய ஏகாம்பரத்துக்கு அது கிடைத்துவிட்டது. எனக்குப் போடுவார்களா? கேட்கவே பயமாக இருக்கிறது.

சாந்தி அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்சமா இருக்கே... சொந்த வீடுங்களா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், காபி டம்ளரை நீட்டியபடி சாந்தி பதில் சொன்னாள்:

"இவரு பேர்ல இருக்குதுங்க."