என் மகள் புரோமோட்டர்

எங்கள் குத்துக்கல்வலசையில் புரோமோட்டர் என்றால் ஒரே அர்த்தம்தான். வயலை வாங்கி, மண்ணடித்து மேடாக்கி, வரிசையாகக் கல் நட்டு, மனை மனையாக விற்பவர். அப்பாவின் நெல்வயலைச் சுற்றி மூன்று பக்கமும் அந்தக் கற்கள்தான். யார் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்று நிற்கிறவர் அவர். விற்றவர்களை முகத்துக்கு நேராகவே திட்டுவார். அந்த வாய் அப்படியே எனக்கு வந்துவிட்டது என்பது அம்மாவின் வருத்தம்.

நான் கோயம்புத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், நெல்லில் மரபணு மாற்றும் வேலை செய்கிறேன். ஒருநாள் அம்மா போனில், அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டாள். கை வேலையாக இருந்தேன். புரோமோட்டர் வேலை என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மாவுக்கு அது போதாதா? மகள் பெரிய ஆளாகிவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். வீரகேரளம்புதூர் சித்தி என்னைக் கூப்பிட்டு, ஆலங்குளம் ரோட்டில் நல்ல மனையாகப் பார்த்து வை என்றாள்.

சித்தியைச் சமாளித்துவிட்டேன். மாட்டிக்கொண்டவர் அப்பாதான். எங்கள் வயலையே சுற்றிச் சுற்றி வரும் புரோக்கர் ஒருவர், டீக்கடையில் எல்லார் முன்னாலும், “ஒங்க மவளே புரோமோட்டராம்லா அண்ணாச்சி, அப்புறம் எங்கள மட்டும் ஏன் வெரட்டுதிய?” என்று கேட்டிருக்கிறார். கடையே சிரித்திருக்கிறது. ஊரையே திட்டிக்கொண்டிருந்த மனிதர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். சாயங்காலம் எனக்குப் போன் வந்தது.

“ஏட்டி, எனக்குத் தெரியாம நீ பிளாட் போடுதியா?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாரமே பஸ் ஏறிவிட்டேன். அப்பாவைப் பார்த்து ஊர் சிரிக்க, நான் இங்கே உட்கார்ந்து நெல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கவா?

சாரல் தொடங்கியிருந்தது. அப்பாவைக் குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அருவியில் நின்றால்தான் அவர் கோபம் இறங்கும். குளித்துவிட்டு வந்து தலை துவட்டும்போது பேச்சை எடுத்தேன். மரபணு என்பது பயிருக்குள் இருக்கும் ஒரு வேலைக்கான குறிப்பு. அந்த வேலை எப்போது, எந்த இடத்தில், எவ்வளவு நடக்கவேண்டும் என்று தீர்மானிக்க அதற்கு முன்னால் ஒரு துண்டு இருக்கிறது. அதற்குப் பெயர்தான் புரோமோட்டர் என்றேன். அப்பாவுக்குப் பிடிபடவில்லை.

“இந்த அருவி வருசம் பூரா கொட்டுதாப்பா? மேல மழ பேஞ்சாத்தான கொட்டுது? நான் வைக்கது அதுக்கு நேர் எதிர். பயிரு காஞ்சாத்தான் கொட்டும்.”

பிறகு போனில் இரண்டு படங்களைக் காட்டினேன். முதல் தொட்டியில், வறட்சி தாங்கும் மரபணுவோடு, எந்நேரமும் அதை வேலை வாங்கும் புரோமோட்டர். செடி வறட்சியைத் தாங்கியது, ஆனால் ஒரு சாணுக்குமேல் வளரவில்லை. ஓய்வே இல்லாமல் உழைத்தால் யார்தான் வளருவார்கள்? இரண்டாவது தொட்டியிலும் அதே மரபணுதான். புரோமோட்டர் மட்டும் வேறு, ஈரம் குறைந்தால்தான் விழிக்கும். அந்தச் செடி முழு உயரத்துக்கு வளர்ந்து கதிர் விட்டது, தண்ணீரை நிறுத்தியபோதும் நின்றது. அந்தப் புரோமோட்டரை மாற்றியது நான், என் கையால். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. இருக்கக்கூடாதா என்ன?

ஒரு பிடி விதை கொண்டுவந்தால் என்ன என்று அப்பா கேட்டார். ஒரு மணிகூட வெளியே வரக்கூடாது, அரசாங்க அனுமதி வேண்டும், எப்போது கிடைக்கும் என்று தெரியாது என்றேன். இரண்டாவது படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார்.

மறுநாள் காலை இருவரும் வயலில் நின்றோம். அந்தப் புரோக்கர் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். மேடமே வந்தாச்சா, இனி பேச்சு சுலபம் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்பா போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஆமா வே, எம் மவ புரோமோட்டர்தான். தண்ணி இல்லாட்டியும் பயிரு சாவாமப் பாக்குத புரோமோட்டர். இந்த வயலு அவளுக்குத்தான். வேணும்னா அவகிட்டயே கேளும்.”

வயல் எனக்கு என்று அப்பா அதுவரை ஒருநாளும் சொன்னதில்லை. புரோக்கர் நிஜமாகவே என் பக்கம் திரும்பினார்.

“விக்கதுக்கு இல்ல அண்ணாச்சி,” என்றேன்.

அப்பா அதைக் கேட்க நிற்கவில்லை. படத்தைத் திறந்து வைத்தபடியே, வரப்பில் டீக்கடையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.