முழுப்பேர்

பேர் என்றால் நம்மைக் கூப்பிடும் சொல். நாலு பேர் என்றால் ஆட்கள். பேர் வாங்கினான் என்றால் புகழ். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்த தோட்டப் பள்ளிக்கூடத்தில், 'பெயர்' என்றுதான் எழுத வேண்டும் என்று வாத்தியார் திருத்துவார். ஆனால் மாத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கும் பேர் என்றுதான் சொல்வோம். காலையில் கூப்பிட்டு செக்ரோல் ஏட்டில் பேரைப் பதிந்தால்தான் அந்த நாள் நமக்குச் சேரும். அப்படித்தான் அந்த நாளே பேர் ஆகியிருக்கும் என்பது என் எண்ணம். கொடுத்த வேலையை முடிக்காதவனுக்கு அரைப்பேர், பாதி நாள் கூலிதான். பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் பிறகு அவனை அப்படியே கூப்பிடுவார்கள்.

அறுபதுகளில் என் தங்கையைக் கட்டிய மச்சான் வேறு தோட்டத்திலிருந்து எங்களிடம் வேலைக்கு வந்தார். முதல் வாரமே கவ்வாத்து, தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டிவிடும் வேலை. என் பக்கத்துச் செடி நிரையில் வெட்டிக்கொண்டிருந்தவர், பத்து மணிக்கே இடது கையை ஆழமாக வெட்டிக்கொண்டார். துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"புது எடத்துல அரைப்பேரா? ஒங்க தங்கச்சி மூஞ்சில எப்படி முழிப்பேன் மச்சான்?"

என் நிரையை மதியத்துக்குள் முடித்துவிட்டு அவருடையதில் இறங்கினேன். பொழுது சாயும் முன் கடைசிச் செடியும் முடிந்தது.

கணக்கப்பிள்ளை வந்து குனிந்து பார்த்தார். "ரெண்டு நிரையும் ஒரே கை வெட்டுல்ல? இவனுக்கு அரைப்பேர்தான். மிச்சத்தை ஒனக்குப் போடுறேன்."

அதுவரை அவரிடம் நான் வாயைத் திறந்ததே இல்லை.

"எனக்கு வேணாங்கய்யா. நிரை அவருக்குக் குடுத்தது. ஒரு செடி மிச்சமில்லாம முடிஞ்சிருக்கு. பேரும் அவருக்குத்தானுங்க."

"அட, நீ பேசக்கூட செய்வியா!" என்று சிரித்தார். மச்சானுக்கு முழுப்பேர் பதிந்தார்.

அன்று மாலை அவர்கள் வீட்டில் தங்கை எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். "பாத்தியா அண்ணே? ஒத்தைக் கையாலயே முழுப்பேர் வாங்கிட்டாரு எங்க வீட்டுக்காரு. ரெண்டு கை வச்சிருக்கிற நீ என்னத்தக் கிழிச்ச?"

மச்சான் தலை குனிந்துகொண்டார்.

"அவரு வேகம் எனக்கு வராது" என்றேன். பிறகு என் லயக் காம்பராவுக்கு நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.