தோளில் இருக்கும் கை

அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்கு அது தோன்றியது.

பக்கத்து வீட்டு அக்கா சாயா போட அடுக்களைக்குப் போயிருந்தார். நான் முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசுவின் படம், அதன் கீழே சிவப்புச் சின்ன பல்பு, அதற்குப் பக்கத்தில் அக்காவின் பாட்டா, அதாவது அவருடைய அப்பாவின் அப்பா. பிறந்ததிலிருந்து நான் பார்த்துவரும் போட்டோ. தலைப்பாகை, முனை மேலே வளைந்த மீசை, எதையோ கண்டு திடுக்கிட்டதுபோல் விரிந்த கண்கள். வலது தோளில் ஒரு கை. கை என்றால் நான்கு விரல்கள்தான். மணிக்கட்டு வருவதற்குள் போட்டோ முடிந்து சட்டம் வந்துவிடும்.

இந்த விரல்களை நான் வேறெங்கோ பார்த்திருக்கிறேன். வேறெங்கோ என்ன, என் கைப்பேசியிலேயே இருக்கிறது.

நானும் என்னோடு தனுவச்சபுரம் கல்லூரியில் படித்த சிலரும் ஒரு பேசாத சினிமாவைத் தேடிக்கொண்டிருக்கிறோம். எங்கள் பக்கத்தில், நெய்யாற்றங்கரையோரம் எடுத்தது என்று சொல்வார்கள். படச்சுருள் எரிந்ததா, பூஞ்சை பிடித்து யாராவது குப்பையில் கொட்டினார்களா, தெரியாது. பார்த்தவர் என்று உயிரோடு யாரும் இல்லை. மிஞ்சியது ஒரு பழைய பத்திரிகையில் அச்சான ஒரே ஒரு காட்சி. மீசைக்காரன் ஒருவன் நிற்கிறான். அவனைப் பின்னாலிருந்து இன்னொருவன் தோளைப் பிடித்து இழுக்கிறான். முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். முகங்கள் மாவு தெளித்த மாதிரி.

கைப்பேசியைச் சுவருக்கு நேராகப் பிடித்தேன். மீசை, மீசை. கண், கண். விரல் நான்கு, விரல் நான்கு. யோசித்துவிட்டுப் பேசலாம் என்ற நல்ல பழக்கம் எனக்குக் கிடையாது.

"எக்கா! இது சினிமாவாக்கும்!"

அக்கா சாயாக் கிளாசோடு வந்து நின்றார். "எந்தச் சினிமா? அது எனக்க பாட்டாவாக்கும்."

"இல்லக்கா, இந்தக் கையப் பாருங்க. இது ஆருக்க கை?"

"பாட்டாவுக்க பெஞ்சாதிக்க கை. அவியளுக்கு வெக்கம். போட்டோ பிடிக்கச்சில விலகி நின்னிருக்காவ. பிடிச்சவன் கைய மட்டும் எடுத்துப்போட்டான்."

"இவ்வளவு தடிச்ச விரலா?"

"நெல்லு குத்துன கை பிள்ளே. ஒனக்க கை மாதி போன் பிடிச்ச கையா?"

ஒரு விரலில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது. மோதிரம் என்றேன் நான். பூஞ்சை என்றார் அக்கா. பத்திரிகைப் படத்திலும் அந்த விரலில் ஏதோ இருந்தது. ஆனால் அந்தப் படத்தில் எங்கே பார்த்தாலும் ஏதோ இருக்கும்.

அப்போதுதான் அக்காவின் தம்பி உள்ளே வந்தான். நெய்யாற்றின்கரையில் வேலை. கல்லறைக்குக் கல் பார்த்துவிட்டு வந்திருந்தான். அவர்களுடைய அப்பா இறந்து வருடம் திரும்புகிறது. பாட்டாவைப் புதைத்த அதே கல்லறையில்தான் அவரையும் வைத்தார்கள். இப்போது கறுப்பு கிரானைட் போட்டு, இரண்டு பேர் முகத்தையும் பீங்கான் தட்டில் அச்சிட்டுப் பதிக்கப் போகிறார்கள். அதற்கு இந்தப் போட்டோவைக் கடையில் கொடுக்க வேண்டும்.

நான் சொன்னதைக் கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "எக்கா, சினிமாக்காரன கல்லறையில ஒட்டுனா நல்லதுதானே. வருசாவருசம் ரசிகர் மன்றம் வந்து மாலை போடும். நமக்குச் செலவில்ல."

"எலே, வாய மூடு."

"செரி செரி. பாட்டாவேதான். மூக்கப் பாரு, அப்பாவுக்க மூக்கு. மீசையும் அச்சு அசல் அப்பா."

அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "மீசைய விடுலே. அப்பா ஞாயித்துக்கெழம கோவிலுக்குப் போவதுக்கு முன்ன கத்தரிக்கோலும் கொண்டு இதுக்கு முன்னாலயாக்கும் வந்து நிப்பாவ. இவியளப் பாத்துத்தான் மீச வெட்டுவாவ. அப்பா அவிய அம்மைக்க வயித்தில இருக்கச்சிலயே பாட்டா செத்தாச்சு. அப்பாவுக்கு அப்பான்னா இந்தப் போட்டோதான்."

நான் சாயாக் கிளாசைக் கீழே வைத்தேன். ஒரு மனிதர் ஆயுசு முழுக்க ஒரு முகத்தைப் பார்த்துத் தன் முகத்தைத் திருத்தி வைத்திருக்கிறார். பிறகு அவர் பிள்ளைகள் இரண்டு முகமும் ஒன்றுபோல் இருப்பதால் இது பாட்டாதான் என்கிறார்கள். இதை எங்கிருந்து பிடித்து அவிழ்ப்பது?

வீட்டுக்கு வந்து இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்களோடு சினிமாவைத் தேடும் தோழி ஒருத்திக்கு அனுப்பினேன். 'ஒரே ஆள்! சத்தியம்!' என்று உடனே பதில் வந்தது. மறுநாள் காலை, 'காது வேற மாதிரி இருக்குடீ.' மத்தியானம், 'காது தலைப்பாகைக்குள்ளதான் இருக்கு, நான் எதைப் பார்த்தேன்னு எனக்கே தெரியல.'

எனக்கும் அதே நிலைதான். சினிமாவை விளம்பரப்படுத்த அச்சிட்ட ஒரு போட்டோவை, அப்பனைக் கேட்டு அழும் பிள்ளைக்கு, இதுதான் உன் அப்பா என்று யாரோ கொண்டுவந்து காட்டியிருக்கலாம். இல்லையென்றால் பாட்டாவே அந்தச் சினிமாவில் நடித்திருக்கலாம். ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு நிறுத்தித்தானே அந்தக் காலத்தில் எடுத்திருப்பார்கள்? அப்படியானால் அக்காவுக்கும் பாட்டா உண்டு, எனக்கும் சினிமா உண்டு. இந்த எண்ணம் வந்ததும் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு சந்தை வரைக்கும் சும்மா ஒரு மிதி மிதித்தேன். திரும்பி வரும்போது, அந்தக் காலத்தில் கேமரா முன்னால் நின்ற எல்லோருமே கண்ணை அப்படித்தானே விரித்திருப்பார்கள் என்று பட்டது. இது இரண்டு பேருமே இல்லாத மூன்றாவது ஒருவராகவும் இருக்கலாம்.

பேசாமல் இருந்திருக்கலாமோ என்று நினைத்தபடி அக்கா வீட்டுப் பக்கம் போகாமலே சுற்றினேன். கடைசியில் அவரே வேலி ஓரம் வந்து கூப்பிட்டார்.

"மக்கா, இங்கோட்டு வா. ஒண்ணு காட்டுதேன்."

போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்திருந்தார். சுவரில் அது இருந்த இடம் வெளுப்பாக ஒரு சதுரம். கண்ணாடியின் இடது ஓரத்தில், கை முடியும் இடத்தில், விரலை வைத்துக் காட்டினார். குனிந்து பார்த்தேன். அங்கே காகிதம் வெட்டியிருக்கவில்லை. மடித்திருந்தது. மிச்சப் பாதி பின்பக்கம் மடங்கி அட்டைக்குள் இருக்கிறது. சட்டம் சின்னது என்பதற்காக மடித்தார்களோ, வேறெதற்காகவோ.

கைக்கு உடம்பு உண்டு!

"கல்லுக்கடைக்காரன் போன்ல விளிச்சு, மலையாளத்தில 'போட்டோ எப்போழா கொண்டுவருந்நே'ன்னு கேக்குதான்," என்றார் அக்கா. "கல்லில பதிச்சா பின்ன இளக்க ஒக்காது. ஆருக்க முகத்த எனக்க அப்பாவுக்க பக்கத்தில வைக்கேன்னு எனக்குத் தெரியண்டாமா?"

"அப்பம் திறப்போம்க்கா. இப்பமே—"

"நில்லு. நீ திறக்கண்டாம். நான் திறக்கேன். நாந்தான் முதல்ல பாப்பேன். சினிமான்னு வரணும்னு ஒனக்கு எவ்வளவு ஆச உண்டுன்னு ஒனக்க மோறையிலயே தெரியுது பிள்ளே."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பாட்டா இல்லன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

அக்கா போட்டோவின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். "அப்பாவுக்க முகம் மட்டும் போதும்னு சொல்லுவேன். பாட்டாவுக்குப் பேரு போதும். ஆனா இத நான் வெளிய எறியமாட்டேன். அதுவும் சொல்லிட்டேன்."

மடிப்பு பழையது. விரித்தால் அந்தக் கோட்டிலேயே உடையலாம்; உடைந்தால் விரல்கள் ஒரு பக்கம், மணிக்கட்டு ஒரு பக்கம் என்று ஆகிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முதலில் சட்டத்தோடேயே நன்றாக ஒரு படம் எடுத்துக்கொள்வது என்று பேசியிருக்கிறோம். பிறகு பின்பக்க ஆணிகளை மட்டும் அக்கா கழற்றுவார். அட்டையை எடுத்ததும் மடிப்பை விரிக்காமலே, மடங்கிக் கிடக்கும் பாதியை அப்படியே திருப்பிப் பார்க்க வேண்டும். அதில் நிற்பது வேட்டி கட்டிய ஆணா, விலகி நின்ற ஒரு பெண்ணா என்பது அதிலேயே தெரிந்துவிடும். தம்பி டார்ச் பிடிப்பான். பேசக்கூடாது என்று அக்கா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

எது தெரிய வேண்டும் என்று நேற்று கேட்டிருந்தால் நான் பட்டென்று பதில் சொல்லியிருப்பேன். இன்று சொல்லத் தெரியவில்லை. ஆணி கழற்ற, முனை மெலிந்த ஒரு குறடு மட்டும் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.